வேலியோரப் பழமும் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டும்: பழத்தை எங்கே, எப்போது சேர்ப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிக்கிறவர்களுக்கும் புரியும். இங்கிலாந்துக்கு வந்து இது உங்களுக்கு இரண்டாவது இலையுதிர்காலம். நடைபாதை வேலியோரம் ஒரு கிலோவுக்கு மேல் ப்ளாக்பெர்ரி பறித்தீர்கள். கூடவே கறுநீல நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைப் பழம் ஒரு பை நிறைய. போன ஞாயிறு முழுக்கோழியின் வயிற்றுக்குள் ப்ளாக்பெர்ரியை அடைத்து, சுற்றிலும் கொஞ்சம் தூவி, புளிக்குமே என்று சர்க்கரையும் போட்டு ஓவனில் வைத்தீர்கள். தோல் நமுத்துப்போனது, ட்ரேயின் ஓரம் கருகிப்போனது, அறுத்தால் எலும்போரம் ஒரே சிவப்பு, வெந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. வருகிற ஞாயிறு ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். பக்கத்துப் பண்ணைக் காய்கறியும் இந்தப் பழங்களும் சேர்த்து உருப்படியான ஒரு ரோஸ்ட் டின்னர் (ஓவனில் வாட்டிய கறியும் காய்கறியும் சேர்ந்த ஞாயிறு விருந்து) செய்ய ரெசிபி வேண்டும் என்கிறீர்கள்.

ரெசிபி உங்களிடம் இருந்திருக்கும், இணையத்தில் ஆயிரம் கிடக்கிறது. உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பறித்தது சாப்பிடத் தகுந்ததுதானா? புளிப்பும் ஈரமுமான பழத்தை நெருப்பில் வாட்டும் கறியோடு எந்த இடத்தில் சேர்ப்பது? ஒரே ஒரு ஓவனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சூடாக ஒரே நேரத்தில் மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது? நான் ஹியர்ஃபோர்ட்ஷர் பக்கம் ஒரு கிராமத்து பப்பின் சமையலறையில் 11 வருடம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் என் பொறுப்பு. தாவரவியல் படித்தவன் இல்லை. அதனால் பழங்களைப் பற்றிச் சொல்லும்போது என் கையால் பறித்து, சமைத்து, தின்றவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நடுக்கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், போன வாரம் கெட்டது அங்கேதான். ரோஸ்ட் என்பது வறண்ட சூட்டில் நடக்கிற வேலை. கறியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் காய்ந்து சூடு 140 பக்கம் ஏறினால்தான் பொன்னிறமும், ரோஸ்ட்டுக்கே உரிய அந்த வாசனையும் வரும். ப்ளாக்பெர்ரியோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் கோழியைச் சுற்றிப் போட்டால் வெடித்துச் சாறு விட்டு, அந்த ஆவியில் தோல் புட்டு மாதிரி வேகும். அதே சாறு ட்ரேயின் ஓரத்துக்கு மெல்லிசாக ஓடி வற்றுகிற இடத்தில் சர்க்கரை கருகும். பழச்சர்க்கரை 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும், ஓவனோ 200-ல் எரிகிறது. ஒரே ட்ரேயில் நடுவில் அவியலும் ஓரத்தில் கரியுமாகப் போனதற்குக் காரணம் இதுதான். சர்க்கரை தூவியது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதை.

சிவப்பு விஷயம் இன்னும் முக்கியம். கோழி வெந்ததா என்று பார்க்க, தொடையைக் குத்தினால் வடிகிற நீர் தெளிவாக இருக்கவேண்டும் என்று சொல்வார்கள். வயிற்றுக்குள் ப்ளாக்பெர்ரி அடைத்த கோழியிடம் அந்தச் சோதனை செல்லாது. பழத்தின் சாயம் கறிக்குள் இறங்கி, வெந்ததும் வேகாததும் ஒன்றுபோலவே தெரியும். போதாததற்கு, வயிறு நிறைய அடைத்தால் உள்பக்கத்துக்குச் சூடு போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். இங்குள்ள உணவுத் தர நிர்ணய முகமை சொல்லும் கணக்கு, கறியின் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடமாவது நிற்கவேண்டும், அல்லது 75 டிகிரியில் 30 விநாடி. கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ரோஸ்ட்டுக்காக ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்றால் கத்திக்கும் முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஆகவே என் பதில் ஒரு வரிதான்: கறியும் பழமும் தட்டில் சந்திக்கட்டும், ட்ரேயில் வேண்டாம். பழத்தின் வேலை குழம்பிலும் தொட்டுக்கொள்ளும் ஜெல்லியிலும். இதற்கு நான் விடும் ஒரே விலக்கு ஆப்பிள். தடித்த துண்டுகளாகக் கடைசி 40 நிமிடத்தில் கறியின் ஓரத்தில் வைத்தால் தாங்கும்.

இனி பழங்கள். ப்ளாக்பெர்ரியில் பயமில்லை. வளைந்த முள் தண்டு, கையில் உதிர்கிற சின்னச் சின்ன மணிகள் கூடிய பழம், இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் அதோடு குழப்பிக்கொள்ள விஷப்பழம் எதுவும் இங்கே இல்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் பறியுங்கள், காரணம் நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வண்டி நெரியும் ரோட்டோரம் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் கால்மணி நேரம் போட்டால் உள்ளே குடியிருக்கும் வெள்ளைப் புழுக்கள் மேலே வரும். நான் முதல்முறை பார்த்தபோது அன்றைக்குச் சாப்பிடவே இல்லை, இப்போது பழகிவிட்டது. அலசி, துணியில் பரப்பி உலர்த்துங்கள். ஒருநாள் விட்டால் பூஞ்சை பூக்கும், ஆகவே ஞாயிறு வரைக்கும் ஃப்ரீசரில் தட்டையாகப் பரப்பி வையுங்கள். குழம்புக்குப் போகிற பழம்தானே, உருகினால் பரவாயில்லை.

அந்தக் கறுநீலச் சின்னப் பழம்தான் நான் தயங்கி நிற்கிற இடம். ஸ்லோ (sloe, துவர்க்கும் ஒரு காட்டு ப்ளம்) என்று நினைக்கிறேன் என்கிறீர்கள். இருக்கலாம். ஸ்லோ காய்க்கும் ப்ளாக்தார்ன் புதரில் நீளமான, ஊசி மாதிரி முள் இருக்கும், குத்தினால் இரண்டு நாளைக்கு வீங்கும். இலை சின்னது. பழம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, உருண்டை, மேலே வெண்ணீறு பூசினதுபோல் ஒரு படலம், விரலால் தேய்த்தால் போய்க் கறுப்பு தெரியும். உள்ளே ஒற்றைக் கொட்டை. ஒன்றைக் கடித்தால் பிஞ்சு நாவற்பழத்தைத் தின்றதுபோல நாக்கு தடித்து, கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். (கடித்துப் பார்த்து அடையாளம் காணாதீர்கள். வேறு அடையாளமெல்லாம் பொருந்திய பிறகு கிடைக்கும் கடைசி அனுபவம் அது.) பழம் இதைவிடப் பெரிதாக, நீள்வட்டமாக, முள் இல்லாமல் இருந்தால் டாம்சன் என்ற சின்ன ப்ளம் வகையாக இருக்கலாம், அது இன்னும் நல்ல அதிர்ஷ்டம்.

ஆனால் பூங்கா ஓரமும் வீட்டு வேலியும் என்றால் செர்ரி லாரல் என்றொரு செடி உண்டு. வருடம் முழுக்கப் பச்சையாக, ரப்பர் செடி மாதிரி தடித்த பளபள இலை, கொத்தாகக் கறுப்புப் பழம், முள்ளே கிடையாது. அதன் இலையிலும் கொட்டையிலும் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. ப்ரிவெட் வேலியின் கறுப்புப் பழமும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே டெட்லி நைட்ஷேட்: ஒற்றை ஒற்றையாக, பளபளவென்று கறுப்பாக, ஐந்து முனைப் பச்சை நட்சத்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் பெயரே எச்சரிக்கை. நீங்கள் அனுப்பிய படத்தில் பழம் கிண்ணத்தில் தனியாகக் கிடக்கிறது, இலை இல்லை, தண்டு இல்லை. அதை வைத்து நான் மட்டுமல்ல, யாரும் உறுதி சொல்லக்கூடாது. சொல்கிறவரை நம்பாதீர்கள்.

எல்டர்பெர்ரியைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். குடை மாதிரி விரிந்த கொத்தில், செந்நீலக் காம்பில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பு மணிகள் தொங்கும். பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும். காம்பு, இலை, பச்சைக் காய் எதுவுமே ஆகாது. பழுத்த மணிகளை முள்கரண்டியால் சீவி உதிர்த்து, நன்றாகக் கொதிக்கவைத்து, வடிகட்டித்தான் பயன்படுத்தவேண்டும். ப்ளாக்பெர்ரி குழம்பில் ஒரு கைப்பிடி சேர்த்தால் மது ஊற்றியதுபோல் ஆழம் கொடுக்கும். காட்டு ரோஜா காய்க்கும் சிவப்பு ரோஜாக்கனியில் (ரோஸ்ஹிப்) சதை நல்லது, உள்ளே இருக்கும் மயிர் அரிக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆரஞ்சு வருவது குறைந்தபோது, வைட்டமின் சி-க்காக இந்த நாட்டுப் பிள்ளைகளை வேலிவேலியாக அனுப்பி இதைத்தான் பறித்துவரச் சொல்லி சிரப் காய்ச்சினார்கள். மற்றபடி சிவப்பாக எது தொங்கினாலும் இந்த வருடம் விட்டுவிடுங்கள். யூ மரம், ப்ரையனிக் கொடி, லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற செடி எல்லாம் சிவப்புதான், எல்லாம் நஞ்சு.

சட்டம் பற்றிய பயம் உங்களுக்கு வேண்டாம், எல்லை மட்டும் தெரிந்திருந்தால் போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தானாக வளர்ந்த செடியிலிருந்து பழமோ பூவோ இலையோ பறிப்பதைத் திருட்டாகக் கொள்வதில்லை, விற்பனைக்காக இல்லாத வரை. சொந்தச் சமையலுக்கு என்றால் சரி. வேரோடு பிடுங்குவது வேறு, நிலச் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்று 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் சொல்கிறது. பறிக்கலாம் என்பதற்காக அடுத்தவர் நிலத்துக்குள் இறங்கலாம் என்று ஆகிவிடாது, பொது நடைபாதையில் நின்று கைக்கு எட்டுவதைப் பறியுங்கள். லண்டனின் ராயல் பார்க்குகளில் எதையும் பறிக்க விடமாட்டார்கள். ஒரு புதரை மொட்டையடிக்காதீர்கள், குளிர்காலத்தில் பறவைக்கு அதுதான் சோறு.

சரி, ஞாயிறுக்கு வருவோம். கோழியை இந்தமுறை விட்டுவிடலாம். ப்ளாக்பெர்ரிக்கு முன்னால் கோழி வாயடைத்துப்போகும். புளிப்புக்கு எதிரே கொழுப்பு வேண்டும். மீன்குழம்பில் புளி எதற்கு என்று தெரிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வாத்து, பன்றி, ஆடு, மான்கறி இதெல்லாம் வேலியோரப் பழத்துக்கு ஏற்ற ஜோடி. மாட்டுக்கறிக்கு என் விருப்பம் ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரின் விழுதுதான், பழம் இல்லை. ஆறு பேருக்கு, முதல் முறை செய்கிறவருக்கு, நான் சொல்வது எலும்போடு கூடிய பன்றித் தோள்கறி, 2 கிலோவிலிருந்து இரண்டரை. அரைமணி நேரம் முன்பின் ஆனாலும் மன்னிக்கும் கறி அது. அதில் இருக்கிற இணைப்புத் திசு மெல்ல மெல்ல உருகிப் பசையாகி, நேரமாக ஆக மிருதுவாகும். இடுப்புக்கறி அப்படி இல்லை, பத்து நிமிடம் தாண்டினால் மரக்கட்டை. விருந்தினரில் பன்றி சாப்பிடாதவர் இருந்தால் ஆட்டுத் தோள்கறி எடுங்கள், கீழே சொல்லும் நேரக்கணக்கு ஏறக்குறைய அதற்கும் பொருந்தும், மொறுமொறுத் தோல் மட்டும் கிடைக்காது.

கறிக்கடையில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எலும்பு இருக்கட்டும், தோல் இருக்கட்டும், தோலை விரல்தடிப்புக்கு ஒரு கோடாகக் கீறிக்கொடுங்கள். தோலோடு கொழுப்புவரை கீறவேண்டும், கறிவரை இறங்கக்கூடாது. இறங்கினால் அந்தக் கோட்டின் வழியாகச் சாறு மேலே வந்து அந்த இடம் மட்டும் மொறுமொறுக்காது. சனிக்கிழமை இரவு தோலைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, கல்லுப்பைக் கீறலுக்குள் தேய்த்து, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். காலையில் தொட்டால் தோல் பழைய செருப்பு வார்போல் விறைத்திருக்கும். அப்படி இருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். எண்ணெய் தடவுவதா வேண்டாமா, வெந்நீர் ஊற்றுவதா என்று ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்வார்கள். தோல் காய்ந்திருந்தால் எந்தச் சாஸ்திரமும் பலிக்கும், ஈரமாக இருந்தால் எதுவும் பலிக்காது.

மதியம் 2 மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால், 8:40-க்கு ஓவனை 220-க்குப் போடுங்கள். 9 மணிக்குக் கறி உள்ளே போகிறது, ட்ரேயில் கறிக்குக் கீழே நாலாக வெட்டிய வெங்காயமும் காரட் துண்டும், ஒரு டம்ளர் தண்ணீரும். இந்தத் தண்ணீர் தோலைத் தொடாது, கீழே சொட்டும் கறிச்சாறு கருகாமல் காக்கும். வற்றினால் இடையில் கொஞ்சம் ஊற்றுங்கள். 9:30-க்கு சூட்டை 160-க்கு இறக்கி மூன்றரை மணி நேரம் மறந்துவிடுங்கள். 1 மணிக்கு வெளியே எடுக்கும்போது நடுவில் தெர்மாமீட்டர் 85-க்கு மேல் காட்டும். 70 போதும் என்றேனே, அது பாதுகாப்புக்கு. இது மிருதுவாவதற்கு. தோல் சில இடத்தில் ரப்பராக நின்றால் பதறவேண்டாம், கத்தியால் தோலை மொத்தமாக உரித்துத் தனி ட்ரேயில் உருளைக்கிழங்கோடு கூடவே ஓவனுக்குள் விடுங்கள், கால்மணியில் பொரிந்துவிடும். கறியை ஃபாயிலால் தளர்வாகப் போர்த்தி ஒரு மணி நேரம் ஓரமாக வையுங்கள். அது ஆறிவிடாது, அந்த ஒரு மணி நேரம் ஓவன் காலி என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே.

கறியை ஏன் ஓய்வெடுக்க விடவேண்டும் என்பதற்கு 'சாறு உள்ளேயே அடங்கும்' என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு அடங்கும் என்பதில் சமையல்காரர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. உள்சூடு சமமாகும், வெட்ட எளிதாகும், ஓவன் கிடைக்கும் என்ற மூன்றும் சந்தேகமில்லாதவை, எனக்கு அதுவே போதும். ஆனால் மேலே வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்பது வெறும் பேச்சு. வறுப்பது நிறத்துக்கும் ருசிக்கும்தான்.

உருளைக்கிழங்கில் ஒரு ரகசியமும் கிடையாது, பொறுமைதான். மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட் வகை, ஒன்றரைக் கிலோ, பெரிய எலுமிச்சை அளவுத் துண்டுகள். உப்புத் தண்ணீரில் கொதி வந்தபிறகு 8 முதல் 10 நிமிடம், கத்தி ஓரத்தில் எளிதாக இறங்கி நடுவில் தடுக்கும் பதம். வடித்து, அதே பாத்திரத்தில் இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, மூடி போட்டு நாலு குலுக்கு குலுக்குங்கள். ஓரமெல்லாம் உதிர்ந்த இட்லி மாதிரி சொரசொரப்பாகவேண்டும், அந்தச் சொரசொரப்புதான் பிறகு மொறுமொறுப்பு. கறி வெளியே வந்ததும் ஓவனை மீண்டும் 220-க்கு ஏற்றி, ட்ரேயில் கொழுப்பையோ சூரியகாந்தி எண்ணெயையோ பத்து நிமிடம் காயவிட்டு, கிழங்கைப் போடும்போது 'சுர்' என்ற சத்தம் கேட்கவேண்டும். கேட்கவில்லையென்றால் எண்ணெய் காயவில்லை. 45 முதல் 50 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பல்.

கிழங்கு வேகும் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா போடச் சொல்வார்கள், அது உண்மையிலேயே வேலை செய்யும். சோடாவின் காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரானது) கிழங்கின் மேற்பரப்பைக் கரைத்து இன்னும் சொரசொரப்பாக்கும். புளிப்பு இதற்கு நேர் எதிர், காயை வேகவிடாமல் இறுக்கும். புளி ஊற்றின பிறகு குழம்பில் போட்ட காய் வேகாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். காரட், பார்ஸ்னிப் (வெள்ளைக் காரட் போன்ற கிழங்கு) இருக்கும் ட்ரேயில் பழத்தைச் சேர்க்காதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ப்ளாக்பெர்ரியின் சாயம் புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரத்தில் நீலமாகும். சோடா போட்ட கிழங்கின் மேல் ப்ளாக்பெர்ரி குழம்பு பட்ட இடம் மை கொட்டின மாதிரி சாம்பல் நீலமாகி ஒரு மேசையில் இருந்து தட்டே திரும்பி வந்தது எனக்கு. ஆகவே இந்த ஞாயிறு சோடா வேண்டாம்.

காரட்டும் பார்ஸ்னிப்பும் 1:20-க்குப் போனால் 2 மணிக்குச் சரியாக இருக்கும். பார்ஸ்னிப் குளிர் பட்டால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும், அதனால் செப்டம்பரில் வாங்குவதைவிட நவம்பரில் வாங்குவது இனிக்கும். பண்ணைக் கடையில் கிடைக்கும் கேலையோ சவாய் கோஸையோ கடைசி 5 நிமிடத்தில் வெண்ணெயிலும் இரண்டு கரண்டித் தண்ணீரிலும் வதக்குங்கள். யார்க்‌ஷர் புட்டிங் (முட்டை, மைதா, பால் கரைசலை ஓவனில் உப்பவைக்கும் பண்டம்) பன்றிக்கறிக்கு அவசியமில்லை, அது மாட்டுக்கறியின் துணை. ஆனால் பிள்ளைகள் கேட்டால் மறுக்கமுடியாது. இந்த நாட்டின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2008-இல், நாலு அங்குலமாவது எழும்பாதது யார்க்‌ஷர் புட்டிங்கே இல்லை என்று அறிவித்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு முயற்சி செய்யுங்கள்.

இப்போது பழத்தின் முறை. கறி ஓய்வெடுக்கும் நேரத்தில் இரண்டு பாத்திரம் அடுப்பில் ஏறவேண்டும். முதலாவது, ட்ரேயில் மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி மட்டும் மீதம் வைத்து, ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, அடியில் ஒட்டிய பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கிளறி, அரை லிட்டர் ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) ஊற்றிக் கொதிக்கவிட்டு வடித்தால் கிரேவி. இதில் பழம் சேர்க்காதீர்கள். பழம் பிடிக்காத ஒருவர் எந்த மேசையிலும் இருப்பார்.

இரண்டாவது, ப்ளாக்பெர்ரி குழம்பு. அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதோடு சேர்ந்து வாயில் உலோகமாக அடிக்கும். எவர்சில்வர் எடுங்கள். ஒரு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, 300 கிராம் பழம், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி வினிகர், 150 மில்லி ஸ்டாக், ஒரு கொத்து தைம் இலை. பழம் புளிக்கிறபோது வினிகர் எதற்கு என்று கேட்பீர்கள். நன்றாகப் பழுத்த ப்ளாக்பெர்ரி வெந்தபிறகு புளிப்பைவிட இனிப்பாகவே நிற்கும், ஜாம் மாதிரி ஆகிவிடும். வினிகர் அதைச் சாப்பாட்டின் பக்கம் இழுத்துவரும். 10 நிமிடம் கொதித்ததும் சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள், விதை மேலே நின்றுவிடும். கீழே வந்ததை மறுபடி அடுப்பில் வைத்து, கரண்டியை முக்கி எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கும்வரை வற்றவிடுங்கள். அதுதான் பதம். இப்போது உப்பு. சர்க்கரையைக் கூட்டுவதற்கு முன்னால் உப்பைப் போட்டுப் பாருங்கள், கசப்பும் துவர்ப்பும் உப்புக்கே பாதி அடங்கும். கடைசியில் நெல்லிக்காய் அளவு வெண்ணெய் போட்டுக் கலக்கினால் பளபளக்கும்.

ஸ்லோவாக இருந்தால் அதை இப்படிக் குழம்பாக்க முடியாது. என் முதல் வருடத்தில் அரைக்கிலோ ஸ்லோவை நேராகக் கிரேவியில் கொட்டி, வாயில் வைக்கமுடியாமல் 30 பேருக்கான கிரேவியைத் தொட்டியில் ஊற்றினேன். அன்று தலைமைச் சமையல்காரர் என்னிடம் பேசவேயில்லை. ஸ்லோவுக்கு ஜெல்லிதான் வழி, காட்டு ஆப்பிளான க்ராப் ஆப்பிளோடு பாதிக்குப் பாதி. ஆப்பிளைத் தோலோடும் நடுத்தண்டோடும் வெட்டிப் போடுங்கள், உறையவைக்கும் பெக்டின் அங்கேதான் அதிகம். பழம் மூழ்கத் தண்ணீர் ஊற்றி 40 நிமிடம் மெல்லக் கொதித்ததும் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிடுங்கள். பிழியக்கூடாது, பிழிந்தால் கலங்கும். கொட்டையையும் விதையையும் நசுக்கவும் வேண்டாம். வடிந்த 600 மில்லி சாற்றுக்கு 450 கிராம் சர்க்கரை, 105 டிகிரி வரும்வரை கொதி. குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருங்கவேண்டும். தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி இந்த ஜெல்லி வைத்தால் பன்றிக்கோ மான்கறிக்கோ வேறு எதுவும் தேவைப்படாது.

முதல் உறைபனிக்குப் பிறகுதான் ஸ்லோ பறிக்கவேண்டும் என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். உறைந்து உருகினால் தோலும் சதையும் உடைந்து சாறு எளிதாக இறங்கும் என்பது நிச்சயம். ஃப்ரீசரும் அதையே செய்யும். துவர்ப்பு பெரிதாகக் குறைகிறதா என்றால் என் நாக்குக்கு அப்படித் தெரிந்ததில்லை. செப்டம்பர் 29 மைக்கேல்மாஸ் திருநாளுக்குப் பிறகு ப்ளாக்பெர்ரியைச் சாத்தான் எச்சில் துப்பிவிடுவான், பறிக்காதே என்றும் சொல்வார்கள். சாத்தானைப் பற்றி நான் பேசமாட்டேன், ஆனால் அக்டோபரில் பழம் நீர்த்து, பூஞ்சை பிடித்து, ருசி போய்விடுவது நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறதுதான்.

சைவ விருந்தாளி ஒருவர் என்றீர்களே, அவருக்குக் கிழங்கைத் தனி ட்ரேயில் எண்ணெயில் போடுங்கள், ப்ளாக்பெர்ரி குழம்பைக் காய்கறி ஸ்டாக்கிலேயே வையுங்கள், எல்லோருக்கும் அதுவே போதும். பூசணியைத் தடித்த வளையமாக வெட்டி உப்பு மிளகு தடவிக் கிழங்கோடு வாட்டினால் இந்தக் குழம்பு அதற்கு அழகாக உட்காரும்.

புதருக்குத் திரும்பப் போக முடிந்தால் போய், தண்டில் முள் இருக்கிறதா, இலை எவ்வளவு பெரிது, பழம் ஒற்றையாகத் தண்டை ஒட்டியா கொத்தாகவா என்று பார்த்து, இலையும் தண்டும் சேர்த்து ஒரு படம் போடுங்கள். அதுவரை அந்தப் பை ஃப்ரீசரில் பெயர் எழுதாமல், 'தெரியாது, தொடாதே' என்று எழுதி ஒட்டியபடி இருக்கட்டும். ஞாயிறுக்கு ப்ளாக்பெர்ரி ஒன்றே போதும்.